கஸ்பாரின் முதுகு

சிப்பிமுனையில் மாதாவுக்கு நன்றி சொல்வதென்றால் தகரத்தில் படம் வரைந்து, கோயில் சுவரில் ஆணியடித்து மாட்டித்தான் சொல்வார்கள். மெழுகுதிரியும் மொட்டையும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பழக்கம் எங்களுக்குக் கடல் தாண்டி வந்தது. மெக்சிகோ நாட்டில் நெடுங்காலம் ஊழியம் பார்த்துவிட்டு வந்த ஒரு பழைய சாமியார், தன் அங்கிகளுக்கு நடுவே சுருட்டி, உப்புக்காற்று படாமல் ஒரு சின்னத் தகரப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒருவன் கோவேறு கழுதையிலிருந்து தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தான், மேல்மூலையில் மேகத்துக்குள் நீலப் போர்வையோடு மாதா நின்றாள், அடியில் புரியாத பாஷையில் சில வரிகள். அந்த வரிகளைப் படிக்கச் சாமியாரைத் தவிர ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் பார்த்த அன்றைக்கே எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது: விழுந்தவன் சாகவில்லை, சாகாதவன் அதை மறக்கவில்லை.

அன்றிலிருந்து சுவர் நிரம்பத் தொடங்கியது. திருக்கை முள் குத்தியும் கால் அழுகாமல் பிழைத்தவன், குறுக்கே கிடந்த பிள்ளையை நல்லபடியாகப் பெற்றெடுத்தவள், கேஸ் அடுப்பு வெடித்தும் புருவம் மட்டும் கருகியவள், துபாயில் கட்டிய சாரம் சரிந்தபோது டீ குடிக்கப் போயிருந்தவன், மூன்றாம் தடவையில் பிளஸ் டூ பாஸானவன் என்று எல்லா ஆபத்தும் எண்ணெய் டின்னை வெட்டி எடுத்த தகரத்தில், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில், மேலே மேகமும் மாதாவும் நடுவே ஆபத்தும் கீழே நன்றியுமாக வரிசை கட்டி நின்றன. காற்று பலமாக அடிக்கும் நாளில் சுவர் முழுக்கத் தகரங்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். பூசைக்கு நடுவே அந்தச் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வரைகிறவர் தஸ்நேவிஸ். படகுகளுக்குப் பேரும் நம்பரும் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. அலை வரைவார், மேகம் வரைவார், சுறாவின் பல்லை அவரைப்போல் யாரும் வரைய முடியாது, ஆனால் மனுஷ முகம் மட்டும் அவருக்கு வராது. ஆரம்பத்தில் ஒருவனுக்கு முகம் வரையப்போய், அவன் கோயில் வாசலிலேயே வைத்து, "ஏ தஸ்நேவிசு, இது என் மூஞ்சியா, கிளாத்தி மீனா?" என்று கேட்டு ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு பிழைத்தவர்கள் எல்லாரையும் மாதாவைப் பார்த்து முட்டி போட்டிருப்பதாக, நமக்கு முதுகு காட்டியே வரைந்தார். சாமி கும்பிடுகிறவன் சாமியைத்தானே பார்ப்பான், நம்மைப் பார்த்தா கும்பிடுவான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. சுவர் நிறைய முதுகுகள். எந்த முதுகு யாருடையது என்று கீழே எழுதியதைப் படித்தால்தான் தெரியும்.

இதில் ஒரே ஒரு முறை உண்டு. முதலில் உதவி, பிறகு தகரம். கிடைக்காத ஒன்றுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

ஆடிக் காற்று அடங்குவதற்கு முன்னால் கஸ்பாரும் ரெமிஜியுசும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள், வள்ளம் மட்டும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடின, பக்கத்து ஊர்ப் படகுகள் தேடின, ஹெலிகாப்டர் ஒன்று வந்து சுற்றிவிட்டுப் போனது, பிறகு தேடினவர்கள் ஒவ்வொருவராக வலையை எடுத்துக்கொண்டு தங்கள் தொழிலைப் பார்க்கப் போனார்கள். பங்குச் சாமியார் கஸ்பாரின் மனைவி சலேத்தையும் ரெமிஜியுசின் மனைவி எமில்டாவையும் கூப்பிட்டு, வெறும் பெட்டி வைத்து அடக்கப் பூசை வைத்துவிடலாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எமில்டா இருபதைத் தாண்டாதவள், கல்யாணச் சேலையின் மடிப்பு இன்னும் கலையாதவள். "சலேத்தக்கா என்ன சொல்லுதாவளோ அதுதான் எனக்கும்" என்று சொல்லி அழுதாள். சலேத் அழவில்லை. கருவாட்டு வாடை அடிக்கிற சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பெட்டிக்கு இப்ப என்ன அவசரம் சாமி?" என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து நேரே தஸ்நேவிசிடம் போனாள்.

அவர் ஒரு படகின் மூக்கில் பேர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு தகரம் வேணும்."

"என்ன தகரம்?"

"எம் வீட்டுக்காரரு திரும்பி வந்ததுக்கு."

தஸ்நேவிஸ் தூரிகையைக் கீழே வைத்தார். "வந்துட்டானா?"

"வரல."

"பிறகு என்ன பிள்ள இது? வந்த பெறவுதான் வரையணும்."

"வந்த பெறவு எல்லாரும்தான் நன்றி சொல்லுதாவ. நான் முன்னாலயே சொல்லுதேன். சுவத்துல மாட்டி, ஊரு பூரா பாத்த பெறவு, சும்மா இருக்க மாதாவுக்கு மனசு வருமா? வெக்கப்பட்டாவது கொண்டாந்து விட்டுருவா."

"மாதாவையே மாட்டிவிடப் பாக்குதியே பிள்ள."

"வேற யாரை மாட்டிவிட எனக்கு?"

கஸ்பாரும் தஸ்நேவிசும் மரத்தடியில் சீட்டாடுகிறவர்கள், கஸ்பார் தோற்கும்போதெல்லாம் சீட்டைக் கடல் பக்கம் வீசிவிட்டுப் பிறகு தானே போய்ப் பொறுக்கி வருகிறவன். அதை நினைத்தாரோ என்னவோ, கிடந்த தகரத்தில் நல்லதாக ஒன்றை எடுத்து, மேலே மேகம், மேகத்தில் மாதா, நடுவே கவிழ்ந்த வள்ளம், கீழே கரையில் முட்டி போட்ட ஒருத்தன் என்று வரைந்தார். கைவசம் சிவப்பு பெயிண்ட்தான் அதிகம் இருந்தது, அதனால் சட்டையைச் சிவப்பாக்கினார். கஸ்பாரிடம் சிவப்புச் சட்டை கிடையாது. அடியில், "கடலில் காணாமல் போன என் கணவர் கஸ்பாரைக் கொண்டுவந்து சேர்த்த தாயே, நன்றி. இப்படிக்கு சலேத்" என்று படகு நம்பர் எழுதுகிற அதே கட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சலேத் அதைத் தன் கையாலேயே மாட்டினாள். அவ்வளவு தகரங்களுக்கு நடுவே ஒன்று கூடியதை யாரும் கவனிக்கவில்லை.

கஸ்பார் அந்த வாரமே வந்துவிட்டான். கரைவலை இழுக்கிறவர்கள் விடியும்போது பார்த்தார்கள், அலை வந்து தொட்டுப் போகிற இடத்தில் ஒருவன் கோயிலைப் பார்த்து முட்டி போட்டிருந்தான், சிவப்புச் சட்டை, நனைந்த தலை, அருகே போனால் மீன் வாடையோடு லேசாகப் பெயிண்ட் வாடையும் அடித்தது. "ஏலே கஸ்பாரு!" என்று கத்திக்கொண்டு கடல் பக்கமிருந்து ஓடினவர்களுக்கு அவன் முதுகு தெரிந்தது. கோயில் பக்கமிருந்து, அவனுக்கு நேர் எதிரே ஓடி வந்தவர்களுக்கும் முதுகுதான் தெரிந்தது. இடமிருந்து வந்தவர்களும் வலமிருந்து வந்தவர்களும் அவன் முதுகுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். சுற்றிச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஒரே இடத்தில் கும்பலாக நின்று, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "சரி, வந்துட்டான்லா, அது போதும், முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவன் பேசவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டினான், பின்னாலிருந்து பார்த்தாலும் ஆமாம் எது இல்லை எது என்று தெரிந்தது. ஆண்களுக்கு அவனோடு பழக ஒரு சிரமமும் இருக்கவில்லை. வள்ளத்தில் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனின் முதுகைத்தானே வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறோம், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று மறு வாரமே அவனைத் தொழிலுக்குக் கூட்டிப் போனார்கள், அவன் பழையபடியே வலை வளைத்தான். டீக்கடையில் டம்ளரை அவன் தோளுக்கு மேலாக நீட்டுவார்கள், கொஞ்ச நேரம் கழித்து வெறும் டம்ளர் தோளுக்கு மேலாகத் திரும்பி வரும். முடி வெட்டுகிற சுடலையிடம் கேட்டதற்கு, "பின்பக்கத்தை வெட்டத்தானய்யா எங்கிட்ட வாறிய, முன்பக்கத்தை அவனவனே சீவிக்கிடுதான்" என்று முடித்துக்கொண்டார். சாமியார் முதல் ஞாயிறு தடுமாறினார், மறு ஞாயிறு அவனுக்குப் பின்னால் போய் நின்று, தோளுக்கு மேலாக நன்மை அப்பம் கொடுக்கப் பழகிக்கொண்டார். ரேஷன் கடையில் கைரேகை வைத்தான். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தவன் மட்டும் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டு, வெயிலில் வேர்த்து, கேமராவை மூடிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஆண்களுக்குப் பிரச்சினை இல்லாத இடத்தில்தான் சலேத்துக்குப் பிரச்சினை இருந்தது. சோறு போட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் சுவரோரம் போய் உட்கார்ந்தால், உட்கார்ந்த பிறகு பார்த்தால், அவள் அவனுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தாள், கண்ணாடிக்குள்ளும் பிடரிதான் தெரிந்தது. கையைச் சுற்றிப் போட்டு முகத்தைத் தடவப் பார்த்தாள், விரல்கள் சுற்றிப் போய் மறுபடியும் தலைமுடிக்குள்ளேயே வந்து விழுந்தன. முகம்தான் இல்லை, முதுகாவது இருக்கிறதே என்று ஒருநாள் குளிக்க வார்க்கும்போது சட்டையைக் கழற்றினாள். கஸ்பாருக்கு இடது தோளுக்குக் கீழே தூண்டில் கிழித்த தழும்பு உண்டு, நடுமுதுகில் ஒரு மச்சம் உண்டு. இந்த முதுகில் ஒன்றும் இருக்கவில்லை. தகரம்போல வழுவழுப்பாக, தண்ணீர் தங்காமல் வழிந்தது.

"உப்புத் தண்ணி அரிச்சிருக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "தஸ்நேவிசுக்கு மச்சம் இருக்குன்னு எப்படித் தெரியும்? அவரு வரையல, அவ்வளவுதான்" என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டும் நியாயமாகத்தான் பட்டன, சலேத்துக்குத் தூக்கம்தான் வரவில்லை. வந்தது தன் புருஷன்தானா, இல்லை மாதா வெட்கப்பட்டு, அவசரத்தில் கையில் கிடைத்த யாரோ ஒருத்தனை அனுப்பிவிட்டாளா என்ற ஒரே கேள்வி, கருவாடு காயப்போடும்போதும் காக்கா விரட்டும்போதும் அவளோடு இருந்தது.

இதற்குள் எமில்டா ஒரு தகரத்தை வெட்டிக் கொண்டுவந்துவிட்டாள்.

"அக்கா, நானும் தஸ்நேவிசு மாமாட்ட குடுக்கட்டுமா?"

"இவரு மூஞ்சியப் பாத்தியாட்டி நீ?"

"மூஞ்சி வேண்டாங்க்கா. எனக்கு முதுகு போதும். ராத்திரி தொட்டுப் பாக்க ஒரு முதுகு இருந்தா போதும்."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. அது யாரு முதுகுன்னு உனக்குத் தெரிய வேண்டாமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

சலேத் காய்கிற நெத்திலியைக் கையால் பரப்பினாள், பரப்பியதையே திரும்பவும் பரப்பினாள். "பொறு" என்றாள் பிறகு. "அவசரப்பட்டு மாட்டிராத. நான் பாத்துட்டுச் சொல்லுதேன். அவருதான்னா நீயும் மாட்டு. இல்லைன்னா சாமி சொன்னபடி பெட்டி வச்சிரு."

சாமியாருக்கு விஷயம் தெரிய வந்தபோது அவர் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போனார், வாங்காததற்கு நன்றி சொல்வது மாதாவிடம் பொய் சொல்வது இல்லையா, அந்தத் தகரத்தை இப்போதே கழற்றுகிறேன் என்று ஸ்டூல் போட்டு ஏறினார். ஆணியில் கை வைத்தார். கீழே நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். கழற்றினால் கஸ்பார் என்ன ஆவான் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கோணலாகத் தொங்கிய தகரத்தை நேராக்கிவிட்டு இறங்கினார். அன்றைய பிரசங்கத்தில் வேறு எதையோ பேசினார்.

சலேத் மறுபடியும் தஸ்நேவிசிடம் போனாள். சுவரிலிருந்து தகரத்தைக் கழற்றி எடுத்துப் போகாமல், அவரைக் கோயிலுக்கு வரச் சொல்லிப் பெயிண்ட் டப்பாக்களைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

"அண்ணே, அவரைத் திருப்பி வரைங்க."

"எனக்கு மூஞ்சி வராதுன்னு ஊருக்கே தெரியும்."

"நான் சொல்லச் சொல்ல வரைங்க. மூக்கு இப்படி நீளமா..."

"சொல்லு."

"நீளமா, நுனியில கொஞ்சம்..." அவள் நிறுத்தினாள். "கண்ணு வந்து..." மறுபடியும் நிறுத்தினாள். கண்ணை மூடி யோசித்தாள். அவளுக்கு வந்ததெல்லாம் பழைய அடையாள அட்டையில் இருக்கிற கஸ்பாரின் போட்டோதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ மிரட்டியதுபோல் விழித்துக்கொண்டிருக்கிற, ஒருநாளும் வீட்டில் அப்படி இருந்திராத முகம். அதற்குப் பின்னால் தேடினாள், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சிரிக்கும்போது எந்தப் பக்கம் குழி விழும் என்றுகூட நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

"அண்ணே, நீங்க அவரோட சீட்டு விளையாடுனவிய. நீங்க சொல்லுங்க."

"நான் அவன் மூஞ்சியவா பாத்தேன், சீட்டப் பாத்தேன்" என்றார் தஸ்நேவிஸ். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "தப்பா வரைஞ்சேன்னு வச்சுக்க, தப்பான ஆளு திரும்பிப் பாப்பான். அதுக்குப் பெறவு அந்த மூஞ்சியத்தான் நீ கஸ்பாருன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கணும். அது உன்னால ஆகுமா?"

கோயிலுக்குள் காற்று வந்தது, தகரங்கள் தட்டிக்கொண்டன. சலேத் அந்தச் சிவப்புச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னைய வரைங்க" என்றாள்.

"எங்க?"

"அவருக்கு முன்னால. மூஞ்சிக்கு நேரா."

"முன்னால நின்னா நீ எப்படிப் பிள்ள தெரிவ? அவன் முதுகு மறைச்சிருமே."

"நான் தெரிய வேண்டாம். அவரைக் கட்டிப் பிடிச்ச மாதிரி, முதுகுல ரெண்டு கையைப் போட்டு விடுங்க. அது போதும்."

"போதுமா?"

"அங்க நின்னா எனக்கு அவரு மூஞ்சி தெரியுமில்லா. அது போதும்."

தஸ்நேவிஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வர வழி வரையத் தனக்குத் தெரியாது என்று சொன்னார். அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "வலது மணிக்கட்டுல எண்ணெய் பட்ட தழும்பு இருக்கு, மறக்காமப் போடுங்க, ஆளு மாறிரப் பிடாது" என்று மட்டும் சொல்லி, கையை நீட்டிக் காட்டினாள். கீழே இன்னும் ஏதாவது எழுதணுமா என்று அவர் கேட்டார். எழுத வேண்டாம் என்றாள்.

கை வரைவதும் அவருக்கு அதிகம் பழக்கமில்லை. வலது கையில் தூரிகை பிடித்திருந்ததால், எதிரே தன் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார், ஒன்றை வரைந்து முடித்ததும் அதே கையைப் பார்த்து அடுத்ததையும் வரைந்தார். பெயிண்ட் காய்ந்த பிறகுதான் கவனித்தார், சிவப்புச் சட்டையின்மேல் இருந்த இரண்டும் இடது கைகள். திருத்தலாம் என்று அவளைத் தேடித் திரும்பினார். கோயிலுக்குள் அவரும் பெயிண்ட் டப்பாக்களும்தான் இருந்தார்கள்.

மறுநாளிலிருந்து கஸ்பார் கரையில் நடந்தபோது அவன் முதுகில் இரண்டு கைகள் கோத்திருந்தன, இரண்டும் இடது கைகள், ஒன்றின் மணிக்கட்டில் எண்ணெய்த் தழும்பு. கருவாட்டுச் சந்தையில் சலேத்தின் இடம் சில நாள் காலியாகக் கிடந்தது, பிறகு பக்கத்தில் இருந்தவள் தன் சாக்கைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அவர்கள் வீட்டுக் கூரையில் வேளாவேளைக்குப் புகை வந்தது, கொடியில் சேலை காய்ந்தது, அதனால் ஊர் கவலைப்படவில்லை. பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம், "பாத்தியளா, கட்டிப் பிடிச்சா எப்படிப் பிடிச்சிருக்கா, உங்களைப் பிடிக்க ஆளு கிடைக்குமா?" என்று கேலி பேசினார்கள், அவர்கள், "எங்களுக்கு மூஞ்சி இருக்குல்லா, அதான் கிட்ட வர மாட்டேங்கிய" என்றார்கள். வள்ளத்தில் பின்னால் உட்கார்ந்தவர்கள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். அலை தூக்கும்போது விரல்கள் இறுகும், அலை இறக்கும்போது தளரும். பார்த்துப் பார்த்து அதுவும் பழகிவிட்டது.

எமில்டாவுக்கு மட்டும் பழகவில்லை. வெட்டி வைத்த தகரத்தின் ஓரம் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம், கஸ்பார் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தபோது, அவள் தகரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்றாள். நிற்பதற்கு வேறு பக்கம் இல்லை.

"அக்கா" என்றாள்.

கைகள் அசையவில்லை.

"அக்கா, நான் எமில்டா. பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொன்னிய. பாத்துட்டியளா? அத்தான்தானா அது?"

தழும்பு இருந்த கை முதுகிலிருந்து மெதுவாகப் பிரிந்தது, ஈரப் பெயிண்டிலிருந்து பிரிவதுபோல. சந்தையில் விலை படியாதவனிடம் சலேத் எப்போதும் ஆட்டுகிற மாதிரியே, விரல்களை விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டியது. இல்லை. எமில்டா சரியாகப் பார்க்கவில்லையோ என்று நினைத்ததுபோல் இன்னொரு தடவையும் ஆட்டியது. இல்லை.

பிறகு அந்தக் கை போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. நின்றுவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்து, சிவப்புச் சட்டையைக் கொத்தாக அள்ளிப் பிடித்துக்கொண்டது, மற்றக் கையும் பிடித்தது, முன்பு எப்போதும் பிடிக்காத பிடியாக, விரல் முட்டிகள் வெளுக்கிற அளவுக்கு. அந்த ஆள் குனிந்த தலை நிமிராமல் வலை பொத்திக்கொண்டிருந்தான்.

எமில்டா தகரத்தை அலையில் எறிந்துவிட்டுச் சாமியாரிடம் போய்ப் பெட்டிக்குச் சொன்னாள். அடக்கப் பூசையன்று, வெறும் பெட்டிக்குள் ரெமிஜியுசின் கல்யாணச் சட்டையை அவளே வைத்தாள். ஒவ்வொரு பொத்தானையும் போட்டு, காலரை நீவிவிட்டு, முன்பக்கம் மேலே தெரியும்படி வைத்தாள்.